உசுரு காது வைத்தால்

உசுரு நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்தவரை அங்கே ஒரு செல்போன்கூட நிம்மதியாகச் செத்தது கிடையாது.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஹால் டிக்கெட்டில் இருக்கும். வேறு எங்கும் இருக்காது. அட்டெண்டன்ஸ் எடுக்கும் சாரே ஒருநாள் வாய் தவறி "உசுரு?" என்று கேட்டுவிட்டார். அவனும் "யெஸ் சார்" என்றான்.

பெயர்க் காரணம் சிம்பிள். செத்துப்போன எந்தப் பொருளையும் அவன் கண் எதிரில் தூக்கிப் போட முடியாது. ரிமோட், மிக்ஸி, டார்ச், ஹெட்போன், எதுவாக இருந்தாலும் பிடுங்கிக்கொள்வான். ஒரு காதில் அதை ஒட்டி வைப்பான். இன்னொரு காதை விரலால் அடைப்பான். கண்ணை மூடுவான். சுற்றி நிற்பவர்கள் மூச்சுகூட விடக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "உசுரு இருக்குடா" என்பான்.

சரி, ரிப்பேர் செய்து கொடுப்பான்போல என்று நினைத்துவிடாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ்தான் படித்தான். ஆனால் ஸ்க்ரூ டிரைவரோடு அவனைப் பார்த்தவர் யாரும் கிடையாது. சர்டிஃபிகேட் கொடுப்பதோடு அவன் டியூட்டி முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பொருள் அவன் வீட்டில் அட்மிட் ஆகிவிடும். குவார்ட்டர்ஸே சின்னது. அதில் முன் ரூம் முழுக்க இப்படி ஐசியூ கேஸ்கள்.

வடலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் போன் சாம்பார் வாளிக்குள் விழுந்தது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். உசுரு காது வைத்தான், "இருக்குது" என்றான், கொண்டுபோய் அவன் வீட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவன் அம்மா உலைக்கு அரிசி எடுக்கக் கையை விட்டபோது உள்ளேயிருந்து குத்துப்பாட்டு கேட்டது. அந்தம்மா டிரம்மை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கே ஓடிவந்துவிட்டார். போன் பிழைத்தது. அப்புறம் ஒரு மாசம் அவர்கள் வீட்டுச் சாதம் பெருங்காயம் மணத்தது.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு விதி வைத்த ஆப்பைப் பாருங்கள். ஃபைனல் இயரில் எங்கள் காலேஜுக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தது, பழைய கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றையும் உடைத்து உள்ளே இருக்கும் சரக்கைப் பிரித்தெடுக்கும் ஒரு சென்னை கம்பெனி. முதல் ரவுண்டே ஜிடி, அதாவது குரூப் டிஸ்கஷன். தலைப்பையும் முன்கூட்டியே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்: மின்னணுக் கழிவு மறுசுழற்சி.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ப்ரிப்பேர் பண்ணினோம். நான், உசுரு, தேவி. தேவி கம்மாபுரம் பக்கம். அவர்கள் நிலம் மைன்ஸுக்குள் போய், அவள் அப்பா அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் லேபர் ஆனவர். எங்கள் டீமில் மூளை என்று ஒன்று இருந்தது அவளிடம்தான். முதல் நாளே சட்டம் போட்டாள்.

"ஒருத்தரு சொன்ன பாயின்ட்ட இன்னொருத்தரு சொல்லவே கூடாது. சொன்னா மார்க் போச்சு. அவன் ஈயம்னா நீ பாதரசம்னு போ. அவன் பாதரசம்னா நீ சட்டம்னு போ. புரியுதா?"

புரிந்தது. ராத்திரி தூக்கத்தில்கூட ஒருத்தர் பாயின்ட்டை இன்னொருத்தர் தொடாத அளவுக்குப் புரிந்தது. இந்தச் சட்டம் பின்னால் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

ப்ராக்டிஸ் உசுரு வீட்டு முன் ரூமில். தலைப்புக்கு வேண்டிய கழிவெல்லாம் சுற்றிலும் ரெடியாக இருந்தது. பழைய ஒயரைத் தெருவில் போட்டுக் கொளுத்திச் செம்பு எடுப்பதால் வரும் புகை, மண்ணில் இறங்கும் விஷம், தயாரித்தவனே பழசைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிற சட்டம் என்று தேவி பிளந்து கட்டுவாள். நான் அரைகுறை இங்கிலீஷில் நடுவே புகுந்து சத்தத்தை வைத்து ஒப்பேற்றுவேன். உசுரு முறை வந்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும். சாகாத பொருளை எதற்கு உடைக்கிறீர்கள் என்று ஆரம்பித்துவிடுவான்.

தேவி தலையில் அடித்துக்கொள்வாள். "வேல குடுக்க வர்றவனே ஒடைக்கறவன்டா. அவன் மூஞ்சிக்கு நேரா ஒடைக்காதன்னு சொல்லிக்கினு இருந்தா எவன் ஒனக்கு வேல குடுப்பான்?"

எங்களுக்கு ஜட்ஜ் ஒருவர் இருந்தார். உசுருவின் அப்பா. தூத்துக்குடி பக்கத்திலிருந்து வந்து மைன்ஸில் பர்மனென்ட் ஆனவர். இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு படுக்கிற நிலைமை. ஆபீஸில் லைட் டியூட்டி கொடுத்திருந்தார்கள். சைக்கிள் மிதிக்க முடியாமல் போனதும், சைக்கிளிலிருந்து பெல்லை மட்டும் கழற்றிக் கட்டில் காலில் மாட்டிக்கொண்டார். தண்ணீர் வேண்டுமானால் ஒரு தடவை அடிப்பார். நாங்கள் ஓவராகப் பேசினால் விடாமல் அடிப்பார். நான் பேசும்போது பெல் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

டயாலிசிஸை அவர் ஷிஃப்ட் என்றுதான் சொல்வார். "இன்னிக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுடே" என்று சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறுவார். அந்த மார்ச்சில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஷிஃப்ட் குறைய ஆரம்பித்தது. அலுப்பாக இருக்கிறது, ஆஃப் எடுத்துக்கொண்டேன் என்பார். அடுத்த வாரமும் ஒரு ஆஃப். கால் வீங்கிக்கொண்டே போனது.

ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி உறைக்க வைத்தார். நாங்கள் உள்ளே ஈயம், பாதரசம் என்று கத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் உசுருவின் அம்மாவிடம், ரொம்ப அக்கறையாக, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதக்கா. மே மாசத்துக்குள்ள எது நடந்தாலும் புள்ளைக்கு ஒரு வழி பொறந்துடும்."

டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பர்மனென்ட் ஆள் சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டால் பிள்ளைக்கு வாரிசு வேலை கிடைக்கும் என்று எல்லார் வீட்டிலும் ஒரு பேச்சு உண்டு. ரிட்டயர் ஆன மறுநாள் போனால் மாலை மட்டும்தான். உசுருவின் அப்பாவுக்கு மே கடைசியில் ரிட்டயர்மென்ட்.

அன்றைக்கு சைக்கிள் ஸ்டாண்டில் உசுரு வாயைத் திறந்தான். முகத்தைப் பார்க்காமல், என் வண்டி ஹாரனை விரலால் தேய்த்துக்கொண்டே.

"ஆன்ட்டி சொல்றது பிரச்சினை இல்லடா. எங்கப்பாவே அந்தக் கணக்குதான் போட்டுட்டு இருக்காரு. அதுக்குத்தான் ஆஃப். எனக்கு ஒரு வேல கெடச்சிட்டா அவரு சாகறதுக்குக் காரணமே இல்லாமப் போயிடும். எந்த வேலையா இருந்தாலும் ஓகே. ஒடைக்கச் சொன்னாலும் ஒடைக்கறேன்."

மறுநாளிலிருந்து அவன் வேறு ஆள். தேவி எழுதிக் கொடுத்ததை எழுத்து மாறாமல் ஒப்பித்தான். மறுசுழற்சி காலத்தின் கட்டாயம் என்று அவன் சொல்லும்போது, சுற்றியிருந்த மிக்ஸியும் ரிமோட்டும் அவனையே பார்ப்பதுபோல இருக்கும். தேவி அவன் தோளில் தட்டி, "இப்பதாண்டா மனுசன் மாதிரி பேசற" என்றாள். எனக்குத்தான் ஏனோ பார்க்கப் பிடிக்கவில்லை.

இன்டர்வியூ நாள். ஏசி ஹால், வட்டமாக நாற்காலி, ஓரத்தில் கோட் போட்ட ஒரு சாரும் ஒரு மேடமும். தேவி பட்டையைக் கிளப்பினாள். உசுரு பாதரசத்தைச் சொன்னான், சட்டத்தைச் சொன்னான், கோட் தலையை ஆட்டியது. ஆள் உள்ளே போய்விட்டான் என்றே நினைத்தேன். அப்போது மெக்கானிக்கல் பையன் ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பாயின்ட்டை எடுத்துவிட்டான். போனுக்குள் துளித்துளியாகத் தங்கம் இருக்கிறது, அதனால் பழைய போன் உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் வீட்டுக்கு லாபம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

உசுரு சிரிக்கவில்லை. இங்கிலீஷ் எங்கே போயிற்றோ, தமிழில் ஆரம்பித்தான்.

"உள்ள தங்கம் இருக்குன்னு தெரிஞ்சிட்டா, அது எப்ப சாகும்னு வீட்ல எல்லாரும் பாத்துட்டே இருப்பாங்க சார். வாசல்ல நின்னு பேசுவாங்க. அதெல்லாம் அதுக்கும் கேக்கும். சரி, நாமளே சீக்கிரம் போயிடலாம்னு அதுவே முடிவு பண்ணிடும்."

 செல்போனைப் பற்றி இவன் என்ன பேசுகிறான் என்று கோட் மேடத்தைப் பார்த்தது. தேவி குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் லிஸ்ட் ஒட்டினார்கள். தேவி பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. எனக்கு அது ஒன்றும் அதிர்ச்சி கிடையாது, எங்கள் வீட்டுக்கும் கிடையாது.

மூன்று பேரும் அவன் வீட்டுக்குப் போனோம்.  வாசல்படி ஏறும்போதே கட்டிலிலிருந்து, "என்னலே ஆச்சு?" என்று குரல் வந்தது. உசுரு செருப்பைக்கூடக் கழற்றாமல், "கெடச்சிருச்சுப்பா" என்றான்.

அவன் எங்களிடம் அப்படிச் சொல்லப்போவதாகச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ஜிடிக்குப் பழகின கூட்டம் நாங்கள். தேவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமா அங்கிள், ரெண்டு பேரும் ஒரே டீமு" என்று ஸ்வீட் பாக்ஸை நீட்டினாள். அவளுக்குக் கிடைத்த வேலைக்காக அவள் வீட்டுக்கு வாங்கின ஸ்வீட் அது.

எந்த ஊரில் ஆபீஸ் என்று அங்கிள் கேட்டார். தேவி அம்பத்தூர் என்றாள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாதே. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஸ்ரீபெரும்புதூர் என்றேன். உசுரு கிண்டி என்றான். அதோடு நின்றோமா? அவன் எங்கே தங்குவான் என்றதற்கு ஒருத்தி ஹாஸ்டல், ஒருத்தன் ரூம், ஒருத்தன் சித்தப்பா வீடு. ஜூனில் சேர வேண்டும் என்று ஒருவர், ஜூலை என்று ஒருவர். ஆளுக்கு ஒரு பாயின்ட், ஒன்றுகூட ரிப்பீட் இல்லை. எங்கள் வாழ்க்கையிலேயே பெஸ்ட் ஜிடி அதுதான். அங்கிள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகக் கையை நீட்டி பெல்லை அடித்தார். டைம் அப்.

அடுத்த நாள் ஷிஃப்டுக்குப் போனார். அதற்கப்புறம் ஒரு ஆஃப்கூட எடுக்கவில்லை.

மே கடைசியில் மாலையும் சால்வையுமாக ஆபீஸ் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். எதிர் ஆன்ட்டியும் வந்து லட்டு வாங்கிக்கொண்டு போனார். உசுரு விருந்தாளிகளுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அங்கிள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏல, மூணு பேரும் மூணு ஊரு சொல்லுதீயளே, பொய் சொல்லதுக்கு முன்னால கூடிப் பேச மாட்டீயளா?"

கடித்த லட்டைத் தட்டிலேயே வைத்தேன். தெரிந்துமா அங்கிள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று கேட்டேன். மாலையிலிருந்து ஒரு இதழைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"நான் போனா அவனுக்கு வேல கெடைக்கும்னுதான நெனச்சேன். அவன் வேல இல்லாட்டாலும் நான் வேணும்ங்கான். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? அவன்ட்ட சொல்லிராத, என்னா?"

சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் உண்டு.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக் குறிஞ்சிப்பாடியில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். ஐசியூ கேஸ்கள் அத்தனையும் தனியாக ஒரு குட்டி யானை லோடு வண்டியில் போயின. உசுரு அங்கே ஒரு டிவி ஷோரூமில் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்தான். பழைய டிவியைக் கொடுத்துப் புது டிவி வாங்க வருகிறவர்களிடம், பழசுக்கு இன்னும் உசுரு இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினான். முதலாளி அவனை ஏன் அவ்வளவு நாள் வைத்திருந்தார் என்பது இன்றுவரை மர்மம்.

ஐப்பசி மழையில் அங்கிள் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். எதிர் ஆன்ட்டி நெய்வேலியிலிருந்து வந்து உசுருவைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த மே மாதத்துக்கு முன்னாடியே போயிருந்தால் பிள்ளையாவது பிழைத்திருக்குமே என்று சொல்லிச் சொல்லி அழுதார். பாவம், அவருக்கு அது நிஜமான துக்கம்தான்.

உசுரு அவர் கையை மெதுவாக விலக்கினான். "எங்கப்பா ரிட்டயர் ஆகித்தான் போனாரு ஆன்ட்டி" என்றான். மெடல் வாங்கினவன் சொல்கிற மாதிரி சொன்னான்.

பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். குனிந்து நெஞ்சில் ஒரு காதை வைத்தான். வீடு முழுக்க அழுகை. இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டான். கண்ணை மூடினான். சாய்ந்து அழுகிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நாங்கள் மூச்சு விடவில்லை.

ரொம்ப நேரம் கழித்து எழுந்தான். என்னைப் பார்த்தான்.

"இல்லடா."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சாம்பாரில் விழுந்த அந்த போன் போன வருஷம் நிஜமாகவே நின்றுவிட்டது. கடையில் தூக்கிப் போடச் சொன்னார்கள். இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. உசுரு வந்து காது வைத்துச் சொல்லட்டும்.