சம்பந்தி அழுத கந்தூரி

சாய்ந்தமருது,
1984 பங்குனி.

மதிப்புக்குரிய மச்சான் ஜவுபர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் உங்கள் கடையும் உடம்பும் சுகமாயிருக்கத் துஆச் செய்கிறேன். இங்கே உங்கள் தங்கை கமீலாவும் மகள் ஸகியாவும் சுகம். நானும் சுகம்தான்; பென்ஷன் எடுத்த பிறகு சாப்பாடு சரியாகச் செல்வதில்லை, அது கிடக்கட்டும். மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். ஸகியாவின் கல்யாணம் நடக்குமா என்றே தெரியவில்லை.

மனம் சுகமில்லாதவர்களை ஊரிலேயே வைத்து வைத்தியம் பார்க்க அரசாங்கம் நம்முடைய அபிவிருத்திச் சங்கத்துக்கு மானியம் தந்தது. மாதம் ஒருமுறை டொக்டர் வருவார், சங்கக் கட்டிடத்துக்குக் கூரையும் போடலாம். தலைவர் நான்தானே, துள்ளிக் குதித்து வாங்கினேன். முதல் மாதம் டொக்டர் வந்தார். ஓர் ஆடு மட்டும் உள்ளே வந்து போனது. யாரைக் கூப்பிட்டாலும், "எங்கட குடும்பத்துல அப்படி ஒருத்தரும் இல்ல, வேற ஊட்டப் பாருங்க" என்று கதவைச் சாத்துகிறார்கள். கல்யாணத்துக்குக் குமர்ப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் படலையே திறக்கவில்லை. அடுத்த முறையும் ஆள் வராவிட்டால் மானியம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று அரசாங்கக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். நான் சும்மா இருப்பேனா? டொக்டர் வருகிற அன்றே அதே கட்டிடத்தில் ஊருக்கே சோறு போடும் கந்தூரி வைத்தேன். மாடு அறுத்தேன். வரப்போகும் சம்பந்தி என்று அட்டாளைச்சேனையிலிருந்து ரைஸ்மில் அப்துல் ஸமட் ஹாஜியாரையும் அழைத்தேன். அங்கேதான் மச்சான் என் புத்தி புல் மேயப் போனது.

ஊரே வந்தது. ஆறு பேருக்கு ஒரு சகன் என்று சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். டொக்டர் ஒவ்வொரு சகனாகப் போய்க் குந்தியிருந்து கதைத்தார். எங்கள் சகனுக்கு வந்தவர் சோற்றைப் பார்த்தார். நாலு பேரின் பக்கத்தில் தட்டின் அடி தெரிகிறது. சம்பந்தியின் பக்கம் குவித்தது குவித்தபடி.

"ஹாஜியார், கறி பிடிக்கல்லையா?"

"கறி நல்லம் டொக்டர். பொஞ்சாதி மவுத்தாப் போனதுல இருந்து சோறு தொண்டையால இறங்குதில்ல. சனம் பாக்கும் எண்டு சும்மா பிசைஞ்சிக்கிட்டு இரிக்கன்."

சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார் மச்சான்! ஊருக்கெல்லாம் அரிசி குற்றிக் கொடுக்கிற மனுசன்! பக்கத்துச் சகனில் முத்தலிப் மாஸ்டர் கையைக்கூடக் கழுவாமல் எழும்பி, "எனக்கும் அப்படித்தான் டொக்டர்" என்கிறார். அங்கால இன்னொருவர். மானியம் கைவிட்டுப் போகாமல் தப்பியது. என் பிள்ளையின் கதி? இந்தக் குடும்பத்தில் சம்பந்தம் வைக்கலாமா? நம்முடைய குடும்பத்தில் இப்படி ஒருவராவது இருந்ததுண்டா? கடிதம் கண்டதும் பஸ் ஏறுங்கள். நீங்கள் வந்து ஓம் என்றால் கல்யாணத்தை நிறுத்திவிடுகிறேன்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உங்கள் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தலை சுற்றிப்போயிருக்கும் மச்சான்,
ஷரிபுதீன்

பி.கு.: பஸ் ஏற வேண்டாம். உறையில் போடுமுன் கமீலா இதை வாசித்துவிட்டாள். பிறகு, "அது நம்மட ஊட்டுச் சகன். கழுவின நான். ரெண்டு பக்கம் சோறு அப்படியே கிடந்திச்சி. ஒண்டு சம்பந்திட. மத்தது ஆருட?" என்று கேட்டாள். கல்யாணம் நடக்கும். வருகிற மாதம் சம்பந்தியும் நானும் ஒன்றாக டொக்டரிடம் போகிறோம். கந்தூரி இல்லாமலே.