எருமைக்கன்று அம்மாவும் எழும்பாத கொப்புளமும்

தான் வெயிலில் நடந்துகொண்டு, ஓர் எருமைக்கன்றை வில்வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன சர்க்கார் உத்தியோகஸ்தர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் எருமைக்கன்று அம்மா. சந்தேகப்படுகிறவர்கள் அந்தக் காலத்து ராஜபாளையத்து ஆட்கள் யாரையாவது விசாரித்துக்கொள்ளலாம்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாரும் கேட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு, சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கு அம்மை குத்துவது அவர் வேலை. பரீட்சை எழுதித் தேறி வந்தவர். கன்றின் வயிற்றை மழித்துக் கீறி அம்மைப்பால் தடவிவிட்டால் சில நாளில் கொப்புளம் எழும்பும். அதிலிருந்து பால் எடுத்து நம் கையில் கீறி வைப்பார். நம் கையிலும் கொப்புளம் எழும்பிவிட்டால் பெரியம்மை கிட்டே வராது. கன்றின் வயிற்றில் தூசி படக்கூடாதென்று தன் சேலையைக் கிழித்து அதற்குக் கட்டிவிட்டிருப்பார்.

"தாயீ, நீங்க ஏறிக்கிட்டு அதை நடக்க விட்டா என்ன?" என்று வண்டிக்காரர் கேட்டால், "எனக்குக் காச்ச வந்தா நான் ஒருத்தி படுப்பேன். அதுக்கு வந்தா ஊரே படுக்கும். ஓட்டும்வே!" என்பார்.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு முஸ்லிம் வியாபாரிகளின் தெரு. பெண்கள் கோஷா, அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டோம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர் கன்றோடு நேரே முற்றத்துக்கு வந்துவிட்டார். என் மாமியார் அலறினார்.

"மாட்டை வெளியே கட்டுங்க!"

"இது மாடு இல்லக்கா, மருந்துப் பெட்டி."

மருந்துப் பெட்டி அதற்குள் மாமியின் கொத்தமல்லிப் பாத்தியில் வாய் வைத்துவிட்டது. "கையைக் குடுத்தா செத்த நேரத்துல போயிருதோம். இல்லேன்னா அதுவும் மேயட்டும், நானும் இருக்கேன்" என்று அம்மா சம்மணம் போட்டார். பாத்தியைக் காப்பாற்ற வீட்டுப் பெண்கள் எல்லோரும் கை நீட்டினோம். அக்கம்பக்கத்து வீடுகளும் அப்படியே பணிந்தன.

வினை அப்புறம்தான் வந்தது. குத்திய கைகளை ஒரு வாரம் கழித்து அதிகாரி வந்து பார்க்க வேண்டும். அவர் கண்ணால் பார்க்காத கை, குத்தாத கை. ஆண்களுக்குக் கை காட்ட மாட்டார்கள் என்றுதான் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். அவள் குத்தியதைப் பார்க்க ஓர் ஆணை அனுப்பினார்கள். இதை யோசித்த மகானை எங்கள் கன்றை விட்டு ஒரு முட்டு முட்டச் சொல்லியிருக்கலாம். வருஷா வருஷம் அம்மாவின் கணக்கில் பூஜ்யமே விழுந்தது. தெருவில் பையன்களைப் பிடித்து அம்மை குத்தும் இன்னொரு உத்தியோகஸ்தர் மீசைக்காரருக்கோ நல்ல பெயர்.

நான் கல்யாணமாகி வந்த அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வேலை காலியானது. மீசைக்காரரும் மனுப் போட்டார், அம்மாவும் போட்டார். திருநெல்வேலியிலிருந்து பெரிய அதிகாரியே பார்க்க வருகிறார் என்று சொல்ல அம்மா காலையிலேயே வந்துவிட்டார். எப்போதும் கணீரென்று பேசுகிறவர், அன்று மெதுவாகப் பேசினார்.

"அக்கா, இந்தத் தடவையும் முட்டை விழுந்தா மேல போறது கெடக்கட்டும், இருக்கிற வேலையும் போயிரும். திரைக்குப் பின்னால நின்னு கையை மட்டும் நீட்டுங்க, போதும்."

மாமி தலையாட்டினார். அப்போதுதான் அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. தெருவில் எல்லோருக்கும் எழும்பியிருக்க, எனக்கு மட்டும் ஒன்றுமே எழும்பவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சேராங்கொட்டையைத் தேச்சு விட்டா கொப்புளிச்சிரும்" என்றார் மாமி, உதவியாக.

"பொய்க் கொப்புளத்துலயா நான் இன்ஸ்பெக்டர் ஆகணும்?" அம்மா போட்ட சத்தத்தில் கன்றே எழுந்து நின்றது. "எழும்பலேன்னா எழும்பலேன்னு காட்டட்டும்!"

அதிகாரி வந்தார். கூடவே மீசைக்காரர். முன்கூடத்தில் கட்டிய திரையின் ஓரத்தில் ஓர் இடைவெளி. அதன் வழியே ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். நாலைந்து கைகள் போனதும் மீசைக்காரர் செருமினார்.

"எசமான், முகம் தெரியாது. ஒருத்தியே திரும்பத் திரும்ப நீட்டினா யாரு கண்டா?"

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. திரைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு மூச்சும் நின்றுவிட்டது.

மாமிக்குக் கோபம் வந்தால் கையில் எது இருக்கிறதோ அதுதான் ஆயுதம். அன்று கத்தரிக்கோல் இருந்தது. பெருநாளுக்கு மட்டும் எடுக்கும் பட்டுத்திரையை நீளத்துக்கும் கிழித்தார். "ஏட்டி, எல்லாரும் ஒண்ணா நீட்டுங்கட்டி! எம்புட்டுக் கை வேணும்னு பாக்கட்டும்!" முதலில் நீண்டது மாமியின் கை. திரை முழுக்கக் கைகள் முளைத்தன. அதிகாரி ஓரடி பின்வாங்கியது நிழலில் தெரிந்தது.

மீசைக்காரர் விடவில்லை. "சேராங்கொட்டையாக்கூட இருக்கும், எசமான்."

அதிகாரி கைகளை எண்ணினார், பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். "ஒன்று குறைகிறதே?"

அது நான். கையை மார்போடு கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். நீட்டினால் அம்மாவின் வேலை போய்விடும் என்று எனக்குப் பயம்.

"நீட்டு தாயீ" என்றார் அம்மா, வெளியிலிருந்து. "நான் இருக்கேன்."

நீட்டினேன். அதிகாரி குனிந்து பார்த்தார்.

"இதில் ஒன்றுமே இல்லையே?"

"இல்லை. பிடிக்கலை. பொறவு திரும்பக் குத்தணும்" என்றார் அம்மா.

அதிகாரி மீசைக்காரரின் பக்கம் திரும்பினார். "ஏமாற்ற நினைக்கிறவர் இந்தக் கையிலும் சேராங்கொட்டை தேய்த்திருப்பார். இதை நீட்டச் சொல்லியிருக்க மாட்டார்." பிறகு பேனா கீறும் சத்தம் கேட்டது. கிழிந்த திரைக்குப் பின்னால் மாமி என்னைக் கட்டிக்கொண்டார்.

சில மாதம் கழித்து அம்மாவை இன்ஸ்பெக்டராக்கி உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு மீசைக்காரர் குத்திய கைகளையும் அம்மாதான் பார்த்து எழுதினார். மீசைக்காரர் கை கட்டிக்கொண்டு பின்னால் வருவார் என்று கேள்வி. இன்ஸ்பெக்டர் ஆன பிறகும் அம்மா நடந்துதான் வந்தார், கன்றுதான் வண்டியில் வந்தது. மாமி கன்றுக்குக் கொத்தமல்லியே பறித்து வைத்தார்.

"வா தாயீ, ஒனக்குப் பாக்கி இருக்கு" என்று என் கையைப் பிடித்துக் கீறினார் அம்மா. இந்தத் தடவை எழும்பியது. அடுத்த கோடையில் பெரியம்மை ஊரைச் சுற்றியபோது, எங்கள் தெருப் பெண்களைத் தொடவில்லை.

இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. முகத்தில் ஒரு வடு கிடையாது. கண்ணாடியில் தலை வாரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.