ஓடிக்கொண்டிருந்த கணக்கைத் தேனிக்கு மாற்றிய வகையில்

போடி,
ஞாயிற்றுக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை இம்மானுவேல் அவர்களுக்கு, மாமனார் ஏசுதாசன் எழுதுவது. இங்கே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் அத்தை சாராளுக்குக் கோபம்தான் கட்டுக்குள் இல்லை. புனேயில் நீங்கள் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். வெள்ளிக்கிழமை நீங்கள் ஒப்படைத்த காரியம் வெற்றிகரமாக முடிந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் சொன்னது ஃபைலில் நிற்காது.

லோயர் கேம்ப்பில் கால்வாய்த் தண்ணீர் அளக்கப் போன என் மகள் மகிமாவுக்கு அங்கே சிக்னல் இல்லை, அவளுடைய ஆராய்ச்சிக் கணக்கோ நம் மாடியறைக் கம்ப்யூட்டரில் பத்தொன்பது நாளாக ஓடுகிறது, இன்னும் நாலு நாள் ஓடினால்தான் வியாழக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் அவள் வாய் திறக்க முடியும், இந்த நேரம் பார்த்துச் சனிக்கிழமை ஒன்பது முதல் ஐந்து வரை பராமரிப்புக்காகக் கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். பதறிப்போய் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் விமானத்தில் ஏறிக்கொண்டே, "மாமா, ஆஃப் மட்டும் பண்ணிராதீக, பத்தொம்பது நாளும் போயிரும். சஸ்பெண்ட் பண்ணி, டிஸ்க்ல ஏத்தி, தேனி காலேஜ் கம்ப்யூட்டருக்கு மாத்திருங்க. போன எடத்துல ரெஸ்யூம் கொடுக்க மட்டும் மறந்துராதீக" என்றீர்கள். லைன் போய்விட்டது.

சஸ்பெண்டும் டிரான்ஸ்பரும் எனக்கா சொல்லித்தர வேண்டும்? முப்பத்தோரு வருஷம் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன் பார்த்தவன் நான். திரையிலேயே சஸ்பெண்ட் என்று ஒரு பட்டன் இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் அழுத்தினேன். இவ்வளவு மரியாதையாகச் சஸ்பெண்ட் ஆன ஒருவரை என் சர்வீஸில் கண்டதில்லை, மாப்பிள்ளை. கையில் இருந்த வேலையை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தோடு எழுதி வைத்துவிட்டு அடங்கிவிட்டது. யூனியனைக் கூட்டவில்லை, சிபாரிசுக்கும் ஆள் பிடிக்கவில்லை. உங்கள் அத்தைதான் பக்கத்து வீட்டு நதியாவிடம், "ஆபீஸ்ல இருந்தவரைக்கும் ஆளுகள சஸ்பெண்ட் பண்ணுனாக, இப்ப பொட்டியவுமா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து நீங்கள் கேட்ட ரெஸ்யூம். வெள்ளி இரவே இரண்டு பக்கத்தில் தயார் செய்துவிட்டேன். பெயர், மகிமாவின் தண்ணீர்க் கணக்கு. அனுபவம், பத்தொன்பது நாள், விடுப்பு எதுவும் எடுக்கவில்லை. நன்னடத்தை, திருப்திகரம். போட்டோவுக்கு அந்தக் கம்ப்யூட்டரையே படம் பிடித்துப் பாஸ்போர்ட் சைஸில் ஒட்டினேன். கணக்கை ஏற்றிய டிஸ்க்கைத் துண்டில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துத் தேனி பஸ் ஏறினால், பக்கத்து சீட்காரர் பாதி வழி வரைக்கும் அந்த டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டு வந்தார், பிறகு பொறுக்கமாட்டாமல், "சாப்பிடலையா சார், ஆறிரப் போகுது" என்றார். காலேஜ் லேப் உதவியாளர் நாகஜோதி டிஸ்க்கில் இருந்ததை ஏற்றிவிட்டு, "ரெஸ்யூம் கொடுக்கணுமே சார்?" என்று கேட்டது. "அதெல்லாம் நான் கொடுத்தாச்சும்மா" என்றேன். ரெஸ்யூம் கவரை அதற்கு முன்பே அந்தக் கம்ப்யூட்டர் மேசை டிராயரில் வைத்துவிட்டிருந்தேன். நாகஜோதியும் லேப்பைப் பூட்டிவிட்டது.

ஆகவே கணக்கு தேனியில் நலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிரயாசங்களையெல்லாம் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். அத்தை ஸ்தோத்திரம் சொன்னாள். உங்கள் கம்பெனியில் இப்படி ஏதும் மாற்ற வேண்டியிருந்தால் தயங்காமல் என்னைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்,
ஏ. ஏசுதாசன்.

பி.கு. (திங்கள் மாலை): தபாலில் சேர்ப்பதற்குள் மகிமா வந்துவிட்டாள். ரெஸ்யூம் கொடுப்பது என்றால் நிறுத்தியதைத் திரும்ப ஓட விடுவதாம். இரண்டு நாளும் கணக்கு தேனியில் சஸ்பென்ஷனிலேயே இருந்திருக்கிறது. மேலே எழுதியதை ரத்து செய்துகொள்ளவும். அவள் அழுவாள் என்று பயந்தேன். சிரித்துவிட்டாள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நாகஜோதி இப்போது ஓட விட்டிருக்கிறது. பழையது எதுவும் போகவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைதான் முடியும். அதனால் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டுப் பேராசிரியருக்கு நானே ஒரு விண்ணப்பம் எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'மின்தடை' என்று போட்டிருந்தேன். மகிமா அதை அடித்துவிட்டு 'ஓய்வுபெற்ற அப்பா' என்று எழுதி அனுப்பிவிட்டாள். பேராசிரியர் மறுகேள்வி இல்லாமல் அடுத்த திங்களுக்குத் தள்ளிவைத்துவிட்டார். அவர் வீட்டிலும் ஒரு மாமனார் இருக்கிறாராம்.