ஞானமேக்ஸுக்குப் பத்துப் பொருத்தம்

அடேயப்பா, என்ன கூட்டம் என்கிறீர்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் அந்தக் கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே கல்யாணப் பேச்சுதான் நடக்கிறது. மாப்பிள்ளை ஒரு கம்பெனி, பொண்ணு ஒரு மென்பொருள். பொருத்தம் பார்க்கிறவர் 'மென்பொருள் சித்தர்' தணிகாசலம் சுவாமிகள். கொஞ்ச காலம் முன்புவரை இதே ஊரில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் விற்றவர். தண்ணீர் கைவிட்டது, கிரகம் கைகொடுத்தது.

இப்போதெல்லாம் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி செல்போனிலேயே வந்துவிடுகிறது. அந்தப் பாடங்களைத் தயாரிக்க ஒரு மென்பொருள் வேண்டும். கடையில் வகை வகையாக இருக்கிறது, எதை வாங்குவது? வேலை செய்கிற நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்து, ஒழுங்காக ஓடுவதை வாங்கலாம். ஆனால் அதற்கு மூளையைக் கொஞ்சம் அசைக்க வேண்டுமே, வலிக்காதா? சுவாமிகள் வழி சுலபம். மென்பொருள் வெளியான தேதிதான் அதன் பிறந்த நாள். அதற்கு ஒரு ஜாதகம் போட்டு, முதலாளி ஜாதகத்தோடு பத்துப் பொருத்தமும் பார்த்துவிடுவார்.

மத பேதம் கிடையாது அவருக்கு. இந்துக் கம்பெனிக்கு எலுமிச்சம்பழம், கிறிஸ்தவக் கம்பெனிக்கு மெழுகுவத்தி. நேரு வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஹாஜா வைஃபை பெட்டிக்கே தாயத்து வாங்கிக் கட்டிவிட்டார். பாரிசில் பிள்ளை இருக்கிற குடும்பம் என்றால் அந்த ஊர் நேரத்தில் ராகு காலம் கணித்துக் கொடுப்பார். கட்டணம் மட்டும் எல்லாருக்கும் முன்கூட்டியே.

கூட்டத்தின் நடுவில் ஜரினா எரிச்சலோடு உட்கார்ந்திருந்தாள். முதலாளி ஜானகிராமன் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைச்சாவடிப் பக்கம் அவருக்கு இறால் பதப்படுத்துகிற தொழிற்சாலை, அங்கே ஜரினா பயிற்சி அதிகாரி. போன மாதம் குளிர்பதனக் குழாயில் அமோனியா கசிந்தபோது, அங்கே வேலை செய்கிற வைத்திக்குப்பத்துப் பூவிழி எந்தக் கதவு என்று தெரியாமல் வாயு வந்த பக்கமே ஓடிவிட்டாள். நல்லவேளை, கண் தப்பியது. இருமல் இன்னும் நிற்கவில்லை. திங்கட்கிழமை புதிதாக ஒரு கூட்டம் பெண்கள் வேலைக்குச் சேருகிறார்கள். அவர்கள் உள்ளே கால் வைப்பதற்குள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

அவள் 'பாடப்பலகை' என்கிற மென்பொருளைப் பார்த்து வைத்திருந்தாள். பூவிழியின் பழைய போனிலும் திறந்தது. தமிழ் எழுத்து ஒழுங்காக வந்தது. நெட் விட்டு விட்டு வந்தாலும் படம் ஓடியது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சுவாமிகளுக்கு வேறு என்னவோ வேண்டியிருந்தது. பாடப்பலகை திறந்திருந்த லேப்டாப் திரையில் உள்ளங்கையை வைத்தார். அடுப்பில் பட்டவர் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நாக தோஷம். ரஜ்ஜுவும் தட்டுது. இதை வாங்கினா முதலாளி உயிருக்கே கண்டம்."

ஜானகிராமன் முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிற மனுஷன்.

"பேரைப் பார்த்துச் சொல்றீங்களா சாமி?" என்று ஜரினா கேட்டாள்.

"பேர் எதுக்கு மகளே? துணி போட்டு மூடி வை. இந்தக் கை சொல்லிடும்."

மண்டபமே கைதட்டியது. 'ஞானமேக்ஸ்' என்கிற மென்பொருளுக்குப் பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று சுவாமிகள் அருளினார். அதைப் புதுச்சேரியில் விற்கிற ஒரே ஏஜென்ட் அவருடைய மச்சான். கிரகங்களுக்கும் குடும்பப் பாசம் உண்டு போலிருக்கிறது.

ஞானமேக்ஸ் வந்து இறங்கியது. ஜரினா ராப்பகலாக உட்கார்ந்து அதில் பாடம் தயாரித்து, பூவிழியின் போனுக்கு அனுப்பினாள்.

"இன்னா மேடம் இது, எல்லாம் கட்டம் கட்டமா இருக்குது? எழுத்தே காணோமே," என்றாள் பூவிழி, இருமிக்கொண்டே.

ஜானகிராமன் உடனே சுவாமிகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அருள்வாக்கு வந்தது.

"கட்டம் தெரியுதா? ரொம்ப விசேஷம். அது ஜாதகக் கட்டம். மென்பொருள் தன் ஜாதகத்தை உங்களுக்குக் காட்டுது. ஒரு மண்டலம் பொறுத்தா எழுத்து தானா வரும்."

"திங்கக்கிழமை வர்றவங்க அந்த ஒரு மண்டலமும் மூச்சு விடாம இருப்பாங்களா சார்?" என்று கேட்டாள் ஜரினா.

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குதும்மா. உயிர்க் கண்டம்னு சொன்னப்புறம் நான் என்ன பண்றது, சொல்லு?" என்றார் ஜானகிராமன்.

ஜரினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் பிரஷர் மாத்திரையைத் தேடுவதைப் பார்த்ததும் பரிதாபமாகவும் இருந்தது. பயந்துபோனவரிடம் நியாயம் பேசி என்ன பிரயோசனம்? கண்ணால் பார்த்தால்தான் தெளியும்.

"சாமியையே வரச் சொல்லுங்க சார். துணி போட்டு மூடி வெக்கிறேன். அவர் சொன்ன வழிதானே."

சனிக்கிழமை சுவாமிகள் காரில் வந்து இறங்கினார். கேன்டீனில் தொழிலாளிகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மேசைமேல் இரண்டு லேப்டாப், இரண்டின் மேலும் வெள்ளைத் துணி.

"ரெண்டுலயும் இருக்கிறதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க சாமி," என்றாள் ஜரினா.

சுவாமிகள் கண்ணை மூடி, முணுமுணுத்து, துணிக்கு மேலேயே முதல் லேப்டாப்பில் கை வைத்தார். அலறாத குறைதான். "அதே நாகம். சீறுது பாருங்க." இரண்டாவதில் வைத்தார். முகம் மலர்ந்தது. "ஆகா, குளுகுளுன்னு இருக்குது. லட்சுமி கடாட்சம். இதுதான் ஞானமேக்ஸ்." தன் கழுத்து மாலையைக் கழற்றி அதற்கே போட்டுவிட்டார். ஜானகிராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஜரினா இரண்டு துணியையும் எடுத்தாள்.

இரண்டு திரையிலும் பாடப்பலகைதான். ஒரே பாடம், ஒரே பக்கம். 'அமோனியா கசிந்தால் என்ன செய்வது?' என்று பெரிய எழுத்தில், கட்டம் ஏதும் இல்லாத நல்ல தமிழில்.

முதலில் சிரித்தது பூவிழிதான். சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தது. "இன்னா சாமி, நாகத்துக்கே மாலை போட்டுட்டீங்க?"

"சூழ்ச்சி. என்னை ஏமாத்திட்டே நீ," என்று சுவாமிகள் குதித்தார்.

"நான் உங்களை ஏமாத்தலாம் சாமி. கிரகத்தை எப்படி ஏமாத்துவேன்? அது உங்க கையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

ஜானகிராமன் மெதுவாக எழுந்தார். "அப்போ என் உயிர்க் கண்டம்?"

"அதுக்கு ஒரு பரிகாரம் இருக்கு..."

"உங்க மச்சானை வந்து அந்தக் கட்டத்தையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. அதுதான் பரிகாரம்," என்றார் ஜானகிராமன்.

சுவாமிகள் விறுவிறுவென்று கிளம்பிக் குளிர்பதன அறைப் பக்கம் நடந்தார். "வாசல் இந்தப் பக்கம் சாமி," என்று பூவிழிதான் வழி காட்டினாள்.

திங்கட்கிழமை காலை புதுப் பெண்கள் கையில் போனோடு வந்து உட்கார்ந்தார்கள். எட்டு மணிக்கு வேலை. ஜானகிராமன் தலையைச் சொறிந்துகொண்டு ஜரினாவிடம் வந்தார்.

"ஏம்மா, ஏழரைலேர்ந்து ஒன்பது ராகு காலமாச்சே. பாடத்தை மட்டும் ஒன்பதுக்கு மேல வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம் சார். ஒன்பது வரைக்கும் கசியாதேன்னு குழாய்கிட்ட நீங்க சொல்லிட்டு வந்துடுங்க."

அவர் குழாய் போகிற பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் போனிலும் பாடத்தைத் திறந்தார்.

லாஸ்பேட்டை மண்டபத்தில் இந்த வாரமும் கூட்டமாம். சுவாமிகளுக்கு ஆள் குறையவில்லையாம். எதற்கு வேண்டுமானாலும் நல்ல நேரம் பாருங்கள் ஐயா, யோசிப்பதற்கு மட்டும் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்த நேரம் உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் அங்கே ஒருவர் பஞ்சாங்கத்தோடு காவல் இருக்கிறார்.