போதுங்க அண்ணனின் பஜ்ஜித் தட்டு

கடைக்கு வந்த ஆளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்து வியாபாரம் செய்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஏற்காடு ஏரிக்கரையில் பஜ்ஜிக்கடை வைத்திருக்கிறார். பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். எதற்கெடுத்தாலும் "போதுங்க" என்பதால் எங்களுக்கு அவர் போதுங்க அண்ணன்.

எதிர் லாட்ஜில் நான் மேனேஜர். முதல் நாளே போய் மிளகாய் பஜ்ஜி கேட்டேன். தட்டில் பன்னிரண்டு வாழைக்காய் பஜ்ஜி ஆறிக் கிடந்தன. அண்ணன் அடுப்பைக் குறைத்துவிட்டார்.

"தட்டு நெறைய இருக்குதுங்களே. இது தீந்தாத்தான் அடுத்தது. ஒடம்புல இருக்கற செல்லும் இப்படித்தானுங்க. குளுக்கோஸை ஒடைச்சு ஏடிபிங்கற சக்திச் சரக்கைப் பண்ணுது. ஏடிபிதான் அதோட பஜ்ஜி. அது நெறைஞ்சு போச்சுன்னா அதுவே போயி ஒரு என்சைமைப் புடிச்சு 'போதும், நிறுத்து'ங்குது. தட்டு காலியானா, ஏடிபி செலவாகி மிஞ்சற ஏஎம்பி வந்து 'ஓட்டு, ஓட்டு'ன்னு வெரட்டுது!"

பக்கத்து டீ மேசை அவர் மனைவி மல்லிகாக்காவுடையது. பஜ்ஜி தின்றவர்கள் அங்கே தேங்கினால், "இங்க எடமில்லீங்க, நிறுத்துங்க!" என்று அக்கா அண்ணனைப் பார்த்துக் கத்துவார். அண்ணன் பூரித்துப் போவார். "செல்லுல அடுத்த கட்டத்துச் சரக்கு, சிட்ரேட்டு, தேங்குனாலும் இதே சத்தந்தானுங்க!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் நிறையக் கூட்டம் வந்து மிளகாய் பஜ்ஜி கேட்டது. அண்ணன் அசையவில்லை. அவர் பிழைப்பு கெடக்கூடாதே என்று நானும் எங்கள் சமையல்காரரும் பன்னிரண்டு வாழைக்காய் பஜ்ஜியையும் தின்று தட்டைக் காலி செய்தோம். இரண்டு நாள் நான் சோறு தின்னவில்லை.

இவ்வளவு தெரிந்த மனிதர் பட்டம் வாங்கவில்லை. பி.எஸ்சி. உயிர்வேதியியலில் ஒரே ஒரு பேப்பர் அரியர். பாஸ் மார்க்குக்கு எழுதியாயிற்று என்று தானே முடிவு கட்டி, பாதி நேரத்தில் பேனாவை மூடிவிடுவார். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மார்க்கில் கோட்டை விட்டார்.

பழைய அரியர்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தது. மல்லிகாக்கா லாட்ஜுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, அவுரு பாஸ் பண்றதை நான் ஒரு தடவை பாக்கணுமுங்க. நொம்ப நாள் ஆசை. நீங்க சொன்னாக் கேப்பாரு."

பைக்கில் சேலம் கூட்டிப் போனேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கத்தினேன். "அண்ணா, எவ்வளவு எழுதுனோம்னு நீங்க பாக்காதீங்க, திருத்தறவரு பாக்கட்டும்! உங்க தட்டு காலிங்க. காலின்னே நெனைச்சு எழுதுங்க!"

பரீட்சை முடிந்து மணி அடித்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள், அண்ணனைத் தவிர. கடைசியில் விரலெல்லாம் மையோடு வந்தார்.

"நம்ம ஏடிபி கேள்வியே வந்துதுங்க! கை நிக்கவே இல்லீங்க. பேப்பரைப் புடுங்கிட்டாங்க."

பாஸ் என்று தெரிந்த அன்று ஓடினேன். மல்லிகாக்கா சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். தட்டில் வாழைக்காய் பஜ்ஜி குவிந்து கிடந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அடுப்பைக் கூட்டி, ஒரு மிளகாயை மாவில் தோய்த்தார்.

"அண்ணா, தட்டு நெறைய இருக்குதே?"

"இருக்கட்டுமுங்க."

இரண்டு தின்றுவிட்டு, "போதுங்க அண்ணா" என்றேன். காதிலேயே வாங்காமல் மூன்றாவதைப் போட்டார். அதையும் தின்றேன். அந்த மனுசன் கொடுத்தால் வாழைக்காய் பஜ்ஜியைக்கூடத் தின்பேன்.