இடது மூலை பட்டன்

மனிதர்களில் ஒரு வகை உண்டு: கம்ப்யூட்டரோடு செஸ் ஆடிவிட்டு, அதனிடமே நியாயம் கேட்கும் வகை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் கைபேசியை முறைத்தபடி, "இது ஏமாத்து" என்று முனகுவாரே, அவரேதான்.

நம் மருந்துக்கடைக்காரர் இந்த வகையில் அசல் சரக்கு. காய் நகர்த்துமுன் திரையை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். தான் யோசிப்பதை அது பார்த்துவிடக் கூடாதாம். ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டுக் குளிக்கப் போவார், சாவகாசமாகத் தலை துவட்டுவார், செய்தித்தாளை விளம்பரம்கூட விடாமல் படிப்பார், பிறகு வந்து உட்கார்ந்து, "இப்போ அதுக்குச் சலிச்சுப் போயிருக்கும்" என்பார். சலிக்காது. ஒரே விநாடியில் அவருடைய குதிரையைத் தூக்கிக்கொண்டு போகும்.

உடனே கட்டைவிரல் இடது மூலையில் இருக்கும் அன்டூ பட்டனுக்குப் பாயும். குதிரை உயிரோடு திரும்பும்.

"அப்பா, இது பதினோராவது தடவை," என்பாள் மகள்.

"அதுக்குப் பல் வலிக்குமா? பசிக்குமா? நடு ஆட்டத்துல வந்து காஸ் தீந்துபோச்சுன்னு யாராவது சொல்வாங்களா? எனக்கு எல்லாம் இருக்கு. அதுக்கு ஈடா நாலு காயைத் திருப்பி எடுத்தா என்ன தப்பு?"

இந்த நியாயத்தின்படி ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தேழு அன்டூவில், ஐந்தாம் லெவலை வென்றேவிட்டார். வென்றதோடு நின்றிருக்கலாம். மைத்துனனுக்குப் போன் போட்டார். முப்பத்தேழை மட்டும் சொல்லவில்லை.

"அப்படியா மாமா! ஞாயித்துக்கிழமை வர்றேன். என் கண் முன்னாடி ஒரு ஆட்டம். தோத்தீங்கன்னா இனிமே எங்க போனாலும் செஸ் பேச்சே எடுக்கக் கூடாது."

செஸ் பேச்சு இல்லாமல் அவர் எதைப் பேசுவார்? இருமல் மருந்தையா?

ஞாயிறன்று வந்த மைத்துனன், முதல் வேலையாக செட்டிங்ஸுக்குள் போய் அன்டூ பட்டனை எடுத்துவிட்டான். கடைக்காரர் முகம் காலாவதியான மாத்திரைபோல வெளுத்தது. ஆனாலும் ஆடினார். பயத்தில் ஒவ்வொரு காய்க்கும் இரண்டு தரம் யோசித்தார். அதனாலேயே வாழ்நாளில் முதல்முறையாக ஒழுங்காக ஆடினார். நாற்பதாவது நகர்வில் இரண்டு பக்கமும் சமம். திரையில் ஒரு கேள்வி எழுந்தது: 'டிராவாக முடித்துக்கொள்ளலாமா?'

"என்னங்க, சரின்னு அமுக்குங்க. மானம் தப்பிச்சுது," என்றாள் மனைவி.

"டிரா ஆனாலே நீங்க ஜெயிச்ச மாதிரிதான் மாமா. ஒத்துக்கறேன்."

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா மாப்ளே, பயந்துடுச்சு!"

முடியாது என்று அமுக்கினார்.

மூன்றே நகர்வு. ராஜா மூலையில் மாட்டிக்கொண்டார். பட்டன் இல்லாத வெறும் கண்ணாடியைக் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் நான்கு முறை தட்டியது.

"நல்லா ஆடிக்கிட்டிருந்த ஆளைக் கேள்வி கேட்டுக் குழப்புறது நியாயமா?" என்று அவர் ஆரம்பிக்க, மைத்துனன் விரலைத் தூக்கினான்.

"மாமா. செஸ் பேச்சு."

கடைக்காரர் வாயை மூடினார். கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "இருமல் ஏதாவது இருக்கா மாப்ளே?"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அதற்குமுன் உங்கள் கைபேசியைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். திரை முழுக்கப் புதுசாகப் பளபளக்கிறதே, இடது மூலையில் மட்டும் கண்ணாடி ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது?