முப்பது பொய் நட்சத்திரங்கள்

மதிப்பிற்குரிய பேராசிரியை சுபஸ்ரீ அம்மா அவர்களுக்கு,

தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் சில்வியாவின் அப்பா சின்னப்பராஜ், படப்பையிலிருந்து எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் மனைவி அன்னபுஷ்பமும் சுகம். தங்கள் சுகத்தை இந்தக் கடிதம் கெடுக்கப்போகிறது, மன்னிக்கவும்.

நேற்று சில்வியா தங்களுக்குப் போன் போட்டு, "மேடம், புதுசா பன்னிரண்டு ஜோடி நட்சத்திரம் கிடைச்சிருக்கு!" என்று குதித்தாளே, அந்தப் பன்னிரண்டும் வானத்தில் இல்லை. நான் போட்டது.

நான் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் குவாலிட்டி பார்க்கிறேன். செக் பண்ணுகிற ஆளுக்குத் தெரியாமல் நல்ல பீஸோடு நாலு ரிஜெக்ட் பீஸைக் கலந்துவிடுவது எங்கள் லைனில் வழக்கம். எத்தனை பிடிக்கிறான் என்று பார்த்தால் அவன் கண்ணின் லட்சணம் தெரிந்துவிடும். லீவுக்கு வந்த சில்வியா, சோறு தண்ணி மறந்து, வயதான சிவப்பு ராட்சச நட்சத்திரங்களில் எத்தனைக்குத் துணை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். துணை சின்னதாம், பெரியதன் வெளிச்சத்தில் மறைந்துவிடுமாம், நீல வெளிச்சம் கொஞ்சம் கூடித் தெரிந்தால்தான் ஆள் உண்டு என்று அர்த்தமாம். "புரோகிராம் ஒழுங்கா பிடிக்குதான்னே தெரியலப்பா" என்று அழுதாள். பெத்த மனசு கேட்குமா? அவள் குளிக்கப் போன நேரம் லேப்டாப்பில் இருந்த பட்டியலில் ஜோடியில்லாத முப்பது நட்சத்திரத்துக்கு நீலத்தைக் கூட்டிப்போட்டு, வரிசை எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் சொல்லிடலாம்னு கம்பெனிக்குக் கிளம்பிப் போனேன், அங்க ஓ.டி. போட்டுட்டாங்க, மறுநாள் வந்து பார்த்தா இவ ஜோடி ஜோடின்னு ஆடிக்கினு இருக்கா, தெருவுக்கே கேசரி கொடுத்தாச்சு, பாஸ்டர் ஜெபத்துலயே சொல்லிட்டார். அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்து மூணு வருஷம் ஆவுதும்மா, எப்படி வாயைத் திறப்பேன்? அன்னபுஷ்பத்துக்கிட்ட மட்டும் சொன்னேன். "இன்னாய்யா பண்ணி வச்சிகீற! வெள்ளிக்கிழம கட்டுரை அனுப்பணும்னு புள்ள துடிக்குது, நீ வானத்துலயே கலப்படம் பண்ணிகீறியே!" என்று கரண்டியைத் தூக்கிவிட்டாள்.

ஆகவே கட்டுரையை அனுப்பிவிடாதீர்கள். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். என் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் பொறுமையும் தர வேண்டிக்கொள்ளும் அன்பன்,
சின்னப்பராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். நிமிர்ந்தால் சில்வியா பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தால், "முப்பதுல பன்னிரண்டுதான் பிடிச்சுதா? அப்போ நிஜ ஜோடியிலயும் பாதிக்கு மேல விட்டிருக்கேன்! மொத்தம் எத்தனை ஜோடின்னு சொல்ல இந்தக் கணக்குதான்பா வேணும்" என்று கட்டிக்கொண்டாள். தாங்கள் இரண்டு மாதமாக இந்தக் கலப்படத்தைத்தான் செய்து பார்க்கச் சொன்னீர்களாம், அவள்தான் தட்டிக்கழித்தாளாம். ஆகவே மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், திட்டை அவளிடமே கொடுங்கள். இன்னும் ஆயிரம் பொய் நட்சத்திரம் வேண்டுமாம், அதைப் புரோகிராமே போட்டுவிடுமாம். இருந்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டாமா? கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன்.